உருண்டை போட்ட சனிக்கிழமை

"…எத்தினி கறுப்பு உழுந்துச்சுன்னு நான் கேக்கல தனபாலு, போட்டது யாருன்னும் கேக்கல, அதெல்லாம் உங்க உள் சமாசாரம். வர்ற மாசம் நீ அங்க போவியா மாட்டியா, அத்த மட்டும் சொல்லு" என்று ஏழுமலை மாமா அப்பாவைக் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கொரட்டூரில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்க அந்துருண்டை வாசனை அடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலை அப்பா போட்டுக்கொண்டு போன கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரும் கோட்டு அது, வந்தால் மூன்று நாளைக்கு வீடே ஜவுளிக்கடை மாதிரி மணக்கும். மாமா எப்போதும் அப்பாவை "மச்சான்" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அடுப்படியில் இருந்த அம்மா கவனித்துவிட்டு, கையில் கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள்.

எண்பதுகளின் பாதியில் நடந்த இந்தச் சங்கதியை நான் பலபேரிடம் பாதி பாதியாகச் சொல்லியிருக்கிறேன். முழுசாக எழுதுவது இப்போதுதான். பத்தாவதோடு நின்றவள் நான், வாடகை நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துத் தேறியவள், அதனால் எழுத்தில் பேச்சு கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவும் ஏழுமலை மாமாவும் அம்பத்தூரில் ஒரே கம்பெனியில் கடைசல் மெஷினில் நின்றவர்கள். ஒரே நாளில் வேலையை விட்டு, தொழிற்பேட்டை எஸ்டேட்டின் கடைசித் தெருவில் ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஆளுக்கொரு மெஷினாகப் போட்டுத் தனித்தனிப் பட்டறை நடத்தினார்கள். எஸ்டேட் வருவதற்கு முன்னால் அந்த இடமெல்லாம் வயல். அதில் மாமாவின் அப்பா நாற்று நட்டார், என் தாத்தாவும் அதே வயலில் கூலிக்குத்தான் போனார். இரண்டு பேர் காலிலும் ஒரே சேறு, ஆனால் வேலை முடிந்து திரும்புகிற தெரு வேறு. எங்களுடையது ஊர்த்தெரு, அவர்களுடையது ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த காலனி. இதை நான் விளக்கிச் சொல்லவேண்டிய அவசியம் நம் ஊரில் யாருக்கும் இல்லை. அப்படியிருந்தும் இரண்டு ஆம்பிளைகளும் "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த முறைப்படி அம்மா அவருக்குத் தங்கச்சி ஆனாள், நான் மருமகள் ஆனேன். எதிர்வீட்டு அம்மா ஒருதரம், "அவரு எப்டி உனுக்கு அண்ணன் ஆனாரு?" என்று குத்தலாகக் கேட்டதற்கு, "கூடப்பொறந்தவன் ஒருத்தன் கீறான், தீவாளிக்குக்கூட எட்டிப் பாக்கறதில்ல. அதான் நானா ஒருத்தரப் பாத்து எடுத்துக்கினேன்" என்று அம்மா சொன்னது தெருவில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் அப்பா ஃப்ரீமேசன் ஆனார், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் ஒரு ரகசியச் சகோதரர் சங்கம் அது. எங்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த பெரிய கம்பெனி மேனேஜர் ஒருவர், அப்பாவின் கைத்திறமையையோ பணிவையோ பார்த்து, எதை என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அவரைத் தன் லாட்ஜில், அதாவது அவர்கள் கூடும் சபையில், சேர்த்துவிட்டார். தெருவுக்குக் கொண்டாட்டம். "தனபாலு சனிக்கெழமையானா கோட்டு மாட்டிக்கினு லாட்ஜுக்குப் போறாரே, ரூம் வாடகை யார் குடுக்கிறது?" என்று டீக்கடையில் கேட்பார்கள். ஆவடிப் பக்கம் மாமரங்களுக்கு நடுவே இருந்த அந்த லாட்ஜுக் கட்டடத்துக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் "தலைவெட்டி பங்களா". உள்ளே ஆட்டை வெட்டுவார்கள், ஆளை வெட்டுவார்கள், மண்டையோட்டில் பாலூற்றிக் குடிப்பார்கள் என்று என் வகுப்பில் ஆளுக்கொரு தகவல் வைத்திருந்தார்கள்.

வருஷத்தில் ஒருநாள் குடும்பத்தோடு வரச்சொல்லி உள்ளே விடுவார்கள். அப்படிப் போய் நானே பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை போன்ற தரை, மூன்று திசையில் மூன்று பெரிய நாற்காலிகள், நடுவில் ஒரு மேஜை. அந்த மேஜைமேல் கீதை, குரான், பைபிள் மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. சுவரிலும் நாற்காலியிலும் மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு என்று எங்கள் வீட்டு மச்சுக்குக் கலவை போட வந்த கொத்தனார் கொண்டுவந்த சாமான்களெல்லாம் வெள்ளி முலாம் பூசித் தொங்கின. கோட்டுக்கு மேலே வெள்ளைத் தோலில் ஒரு மடித்துணி மாதிரி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். ஒருவரையொருவர் "பிரதர்" என்பார்கள். பூந்தமல்லியில் தோல்மண்டி வைத்திருந்த ஒரு பாயும், பேங்க் ஆபீசரான ஓர் ஐயரும் தோளில் கைபோட்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கே நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. அதை மறைக்க மாட்டேன்.

ஒரு பெரியவர் பிள்ளைகளுக்கு ஒரு தேக்குமரப் பெட்டியைக் காட்டினார். புதிதாக ஆள் சேர்க்கும்போது ஓட்டுப் போடும் பெட்டி. முன்னால் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளை உருண்டையும் ஒரு கறுப்பு உருண்டையும் கொடுப்பார்கள், கையை உள்ளே விட்டு ஒன்றைப் போடவேண்டும், எதைப் போட்டார் என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. எல்லாம் வெள்ளையாக இருந்தால் ஆள் உள்ளே. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் கதவு சாத்தியதுதான். "யார் போட்டதுன்னு கேக்கவும் கூடாது, போட்டவர் சொல்லவும் கூடாது. அப்பத்தாம்மா ஒத்துமை கெடாம இருக்கும்" என்றார் பெரியவர். சிறு பிள்ளைக்கு அது எவ்வளவு அழகான ஏற்பாடாகத் தோன்றியது தெரியுமா.

அப்பாவுக்கு அங்கே ரொம்பப் பிடித்தது ரசமட்டம். கொத்தனார் சுவருக்குமேல் வைத்துப் பார்ப்பாரே, அதே மட்டம்தான். அங்கே அதற்கு எல்லோரும் சமம் என்று பொருளாம். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில், ஒரே தூக்குவாளியிலிருந்து இரண்டு பேரும் சாப்பிடும்போது, அப்பா இதைத்தான் பேசுவார்: வாசலுக்கு வெளியேதான் மேனேஜர், ஃபிட்டர், உள்ளே எல்லாம் ஒரே மட்டம். மாமா முதலில் கிண்டல்தான் செய்தார். வாசலில் உருவிய கத்தியோடு ஒருவர் காவல் நிற்பார் என்று அப்பா உளறிவிட்டதைப் பிடித்துக்கொண்டு, "கத்தி வச்சுகினு காவ காக்கற எடத்துல இன்னா மச்சான் அன்பு?" என்பார். ஆனால் கேட்டுக் கேட்டு அவருக்குள்ளும் ஏதோ ஊறியிருக்கவேண்டும். ஒருநாள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "மெய்யாலுமே அப்டி ஒரு ரூம்பு நம்ம பக்கத்துல கீதா? அதுக்குள்ள ஒருவாட்டி நின்னுட்டு வரணும் மச்சான்" என்றாராம். அவர்கள் வழக்கப்படி யாரையும் வா என்று கூப்பிடக்கூடாது, ஆசைப்படுகிறவர் தானாகக் கேட்கவேண்டும். மாமா கேட்டுவிட்டார். அப்பாவும் முன்மொழிந்துவிட்டார்.

ஓட்டுக்கு முன்னால் இரண்டு உறுப்பினர்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். கடவுள் நம்பிக்கை உண்டா, மனைவிக்குச் சம்மதமா என்று கேட்பார்கள். இதைக் கேட்டு மாமாவின் வீட்டுக்காரி ராணி அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. "கட்டிக்கும்போதுகூட என்னை யாரும் கேக்கல. இப்பத்தான் என் ஊட்டுக்காரருக்காக என்னைக் கேக்க ஆள் வருது" என்று எங்கள் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வாசல் முழுக்கச் சாணம் தெளித்து, பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். வந்தவர்கள் உள்ளே வரவில்லை. தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு, அதில் சாய்ந்தபடியே நாலு கேள்வி கேட்டுவிட்டு, நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள். அத்தை கதவருகில் நின்றவாறே, "எனக்குச் சம்மதம்தாங்க" என்று காரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாளாம். அவர்களுக்குக் கேட்டதோ இல்லையோ. மாமா அதைக்கூடத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய மனுஷங்க, ஆயிரம் ஜோலி இருக்கும் என்று சொன்னார். அதோடு, ஆவடி மார்க்கெட் தையல்காரரிடம் போய்க் கறுப்புக் கோட்டுக்கு அளவும் கொடுத்துவிட்டு வந்தார். அவசரப்படாதே என்று அப்பா தடுத்திருக்கலாம். மட்டத்தைப் பற்றி அவர் பேசியதை அவரே நம்பியிருந்தார் என்றுதான் நினைக்கிறேன், தடுக்கவில்லை.

ஓட்டு நடந்த சனிக்கிழமை அப்பா திரும்பி வந்து, அம்மா கேட்பதற்கு முன்பே, "வரல, கறுப்பு உழுந்துடுச்சு" என்றார். எல்லோரும் கிளம்பிய பிறகு மேனேஜர் அவரைத் தனியாக நிறுத்தி, இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளக்கூடாது பிரதர், கேட்காமல் இருப்பதுதான் நம் விதி என்று முதுகில் தட்டிக் கொடுத்தாராம். அம்மா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இத்த ஏன் கழட்டி ஆணில மாட்டறீங்க? அங்கியே கழட்டிக் குடுத்துட்டு வர்றதுதானே?" என்றாள். அப்பா கை கழுவப் போய்விட்டார்.

கறுப்பு உருண்டையைப் போட்ட கை எது என்று எனக்கு இந்த வயதுவரை தெரியாது, அந்தக் கைமேல் எனக்குப் பெரிய கோபமும் இல்லை. அப்படிப்பட்ட கைகளை பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் கல்யாணப் பந்தியிலும் பார்த்தே வளர்ந்தவள் நான். இந்தக் கையாவது பெட்டிக்குள் ஒளிந்துதான் போட்டது. அன்றைக்கு எங்கள் முன்னறையில் பட்டப்பகலில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது, பதில் சொல்லவேண்டியவர் என் அப்பா. அதுதான் இன்னும் ஆறவில்லை. "போக மாட்டேன் மச்சான்." இவ்வளவு சொல்லியிருந்தால் போதும், வேறொன்றும் வேண்டியதில்லை. ஆனால் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது இது: "வர்ற மாசம்தான் ஏழுமல, எனக்குப் பதவி குடுக்கறாங்க. அந்த ரசமட்டத்தக் கழுத்துல போட்டுக்கற பதவி. மேனேஜரே பேசி வச்சிக்கீறாரு. இப்பப் போயி…"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவேயில்லை. அடுத்த மாதம் போனார். ரசமட்டத்தை நீலப் பட்டையில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு மாட்ட அம்மா இடம் கொடுக்கவில்லை, அது பீரோவின் மேல்தட்டில் படுத்தே கிடந்தது. மாமா மெஷினைக் கழற்றிக்கொண்டு வேலப்பன்சாவடிப் பக்கம் போய்விட்டார். தைத்த கோட்டை என்ன செய்தார் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா செத்தபோது பிரதர்கள் வந்து வரிசையாக நின்று, ஆளுக்கொரு பச்சைக் கிளையை மேலே வைத்துவிட்டுப் போனார்கள், தெருவே வேடிக்கை பார்த்தது. மாமாவுக்கு அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். அவர் வீட்டுக்கு வராமல் நேரே சுடுகாட்டுக்கு வந்து, கடைசிவரை நின்றுவிட்டு, அப்படியே போய்விட்டார்.

இப்போது பட்டறைத் தெருவில் கண்ணாடிக் கட்டடங்கள். எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்த இடத்தில் பார்சல் கம்பெனி கிடங்கு. ஆவடிப் பங்களாவையும் மாமரங்களையும் இடித்து அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். லாட்ஜ் எங்கோ டவுனுக்குள் மாறிப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் "மச்சான்" என்று யாரையும் கூப்பிடும் குரல் கேட்டுத்தான் எத்தனையோ வருஷமாகிறது. அம்மா இருக்கும்வரை, அண்ணன் உண்டா என்று யாராவது கேட்டால், "இருந்தாரு" என்பாள். கூடப்பிறந்தவரையும் அதில் கணக்கில் சேர்க்கமாட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா பாதியில் விட்ட வாக்கியம் முடிவதற்காக ஏழுமலை மாமா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, அம்மா கொடுத்து ஆறிப்போயிருந்த காப்பியை எடுத்து, மிச்சம் வைக்காமல் குடித்தார். "சரிங்க, வரேங்க" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். எழுந்தவரிடம் "குடு அண்ணே" என்று அம்மா கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் எந்த நாளும் யாரும் அவரைச் செய்யச் சொல்லாத ஒரு காரியத்தைச் செய்தார். டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு வாசல் குழாய்க்குப் போய், விரலை உள்ளே விட்டுத் தேய்த்துக் கழுவி, நிலைப்படிக்கு வெளியே சுவரோரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.