பட்டன் மட்டும்தான் பாக்கி

தையல்கார அக்காவின் வாயில் எல்லா வேலையும் முன்கூட்டியே முடிந்துவிடும். துணியை இன்னும் வெட்டியே இருக்க மாட்டாள். வாசலில் ஆள் வந்து நின்றால், "இதோ தைச்சுட்டேன், பட்டன் மட்டும்தான் பாக்கி" என்பாள். பொய் என்றும் சொல்லிவிட முடியாது. குளியலறைக்குள் இருந்துகொண்டே "இதோ வந்துட்டேன்" என்று நாமெல்லாம் குரல் கொடுப்பதில்லையா, அந்த ரகம்.

அவளுடைய பூனைக்கும் பெயர் பட்டன்தான். கணவர் போன பிறகு, கொட்டாவி விட்டுக்கொண்டாவது அவள் புலம்பலைக் கேட்ட ஒரே ஜீவன் அது. மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி நச்சரித்தபோது, "பட்டன் இல்லாம வரமாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்று சாதித்தாள்.

கூண்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாடகை வண்டி ஓட்டுநர் பூனையை ஏற்றச் சம்மதித்தார். "உன்னை ஜெயில்ல போடுறாங்கடி" என்று முணுமுணுத்தபடி, தைக்கும்போது மடியில் விரிக்கும் பழைய துணியை அவள் உள்ளே போட்டாள்.

பாதி வழியில் பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. கூண்டைத் திறந்து பட்டனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

முன்னாலிருந்து ஓட்டுநர் கேட்டார். "அக்கா, நான் இறங்கணும். கூண்டைப் பூட்டியாச்சா?"

"இதோ பூட்டிட்டேன் தம்பி!"

அவர் கதவைத் திறந்தார். அவர் மடியை மிதித்துக்கொண்டு வெளியே பாய்ந்த பட்டன், காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

"பூட்டிட்டேன்னு சொன்னீங்களேக்கா!"

"பூட்டப் போறேன்னுதானே அர்த்தம்!"

சாலையில் லாரிகள் பறந்துகொண்டிருந்தன. அவள் அலறியடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினாள். "வாடி தங்கம்" என்று குனிந்து கை நீட்டினாள். பட்டன் சாலைப் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

"கூப்பிடாதீங்க. பயந்து ஓடிடும்" என்று ஓட்டுநர் தடுத்தார். கூண்டை எடுத்து, கதவு திறந்தபடியே தரையில் வைத்தார். இருவரும் விலகி நின்றார்கள். அவ்வளவு நேரம் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தது ஜென்மத்தில் அதுதான் முதல் தடவை.

கடைசியில் பட்டன் வயிறு தரையில் உரச வந்தது. மடித்துணியை முகர்ந்துவிட்டு, தானாகவே ஜெயிலுக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. அவள் மெல்லப் போய்க் கதவைச் சாத்தினாள். கொக்கியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

வண்டி கிளம்பியதும் மகள் போனில் கூப்பிட்டாள். "எங்கம்மா இருக்க?"

"இதோ வந்துட்..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். மடியிலிருந்த கூண்டின் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். "இல்லடி. இன்னும் பாதி வழி இருக்கு. வந்தப்புறம் சொல்றேன்."

மகள் பதறிப்போனாள்.

"அம்மா, உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"