பச்சை நிறக் கட்டடம்

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த மாடி வீட்டுத் தொகுதியொன்றில், மூன்றாம் மாடியில், என் மூத்த சகோதரி, ராத்தா, தனியாக இருந்தார். அவர் கணவர், என் மச்சான், மவுத்தாகி மண்ணுக்குப் போய்ப் பல வருடம். ஒரே மகன் கட்டார் நாட்டில் வேலைக்கு. மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர் பழுதாகிக் கிடந்தது. தண்ணீர் வண்டி, பவுசர், வரும்போது கீழே பீப்பாவில் நிரப்பி வைத்து, அதிலிருந்து வாளியில் மொண்டு மேலே தூக்குவார். ராத்தா நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து குடிப்பவர். என் வீட்டில் வந்து இருங்கள் என்று தங்கச்சி நான் சண்டை பிடிக்காத வெள்ளிக்கிழமை இல்லை. “என்ட வீட்டப் பூட்டிப்போட்டு எங்க புள்ள வாற?” என்பார். அதற்கு மேல் அவரோடு வாதாடுவது சுவரோடு கதைப்பதுதான்.

அந்த நாட்களில்தான் எங்கள் ஊரில் வாழ்க்கைத் தரம் அளக்கப் புறப்பட்டார்கள். வெளியில் இருந்து யாரோ வந்து எண்ணிக்கொண்டு போகிற வேலை இல்லை அது. எங்கள் பிள்ளைகளே வீடு வீடாகப் போய்க் கைப்பேசியில் பதிவார்கள். சேர்ந்த தரவை ஊரில் எவரும் பார்க்கலாம். ஊர் வரைபடத்தில் குறையில்லாத இடம் பச்சையாகவும் அதிகம் கஷ்டப்படும் இடம் சிவப்பாகவும் தெரியும், அங்கேதான் முதலில் மோட்டரோ வடிகானோ செய்து தருவோம் என்று ஒரு தொண்டு அமைப்பு ஒத்துக்கொண்டிருந்தது. ராத்தாவின் கட்டடத்துக்கு விடிவு வந்துவிட்டது என்றே நினைத்தேன். அந்த நினைப்பில்தான் ஆயத்தக் கூட்டத்துக்கும் போய் உட்கார்ந்தேன்.

கேள்விகளை வாசித்துக்கொண்டு வரும்போது, பதியப் போகிற பிள்ளைகளில் ஒருத்தி எழும்பினாள். “சனம் அல்ஹம்துலில்லாஹ் எண்டு மட்டும் சொன்னா, அத எதுல போடுற?”

எல்லாரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. எங்கள் ஊரில் எப்படிச் சுகம் என்று கேட்டால் காய்ச்சலில் கிடப்பவரும் அதைத்தான் சொல்வார், வள்ளம் உடைந்து நிற்பவரும் அதைத்தான் சொல்வார். முன்வரிசையில் இருந்த ஹாஜியார் ஒருவர் தொண்டையைச் செருமினார். “அல்லாஹ்வப் புகழ்ந்த வாய எப்பிடி மகள் கஷ்டம் எண்டு எழுதுற? நல்லம் எண்டு போடுங்க.” அதை மறுத்துப் பேச யாருக்கு நாக்கு எழும்பும்? அப்படியே முடிவாயிற்று.

வேலை முடிந்ததும் மண்டபத்துச் சுவரில் படத்தைக் காட்டினார்கள். கடற்கரை ஓரம் முழுக்கப் பச்சை. ராத்தாவின் கட்டடம் கண்ணைப் பறிக்கிற பச்சை. சிவந்திருந்தது கடைத்தெருவின் பின்பக்கம். அங்கே இருப்பவர்கள் வியாபாரிகள், குறை சொல்லத் தெரிந்தவர்கள். குப்பை வண்டி ஒரு நாள் பிந்தினாலே ஊரைக் கூட்டிவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். ஆனால் கடற்கரைப் பச்சையைப் பார்த்து மண்டபம் கைதட்டியதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எழும்பி, அந்தக் கட்டடத்தில் மோட்டர் இல்லை என்று சொன்னேன். “தரவு அப்பிடித்தான் சொல்லுது. அடுத்த முற பாப்பம்,” என்றார் ஒருவர், மரியாதையாகத்தான்.

நேரே ராத்தாவிடம் போனேன்.

“தண்ணி கிடைக்குதா எண்டு அந்தப் புள்ள கேக்கல்லயா?”

“ஓம், கேட்டா.”

“என்ன சொன்னீங்க?”

“கிடைக்குது, அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொன்னன். கிடைக்குதுதானே.”

“தூக்குற கதைய ஏன் சொல்லல்ல?”

“அத அவ கேக்கல்லயே,” என்றார் ராத்தா. “வீடு தேடி வந்த புள்ளக்கிட்ட முறைப்பாடா வைக்கிற? அல்லாஹ் தந்தத இல்லையெண்டு சொல்லச் சொல்றியா?”

கோபத்தில் வாளியை எடுத்துக்கொண்டு கீழே போய், கை கடுக்கும்வரை தூக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கடைத்தெருப் பக்கம் புது வடிகான் கட்டிக்கொண்டிருந்த நேரம். அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யத் தண்ணீர் போதாமல் ராத்தா கீழே இறங்கியிருக்கிறார். வாளியோடு திரும்பி ஏறும்போது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். களைப்பாறுகிறார் என்றுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் மவுத்தானார். மகன் வந்து சேர முன் அடக்கிவிட்டோம். எனக்கென்று இருந்த ஒரே ராத்தா. அவர் இல்லாத வெள்ளிக்கிழமைகளை என்ன செய்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மவுத்து வீட்டுக்கு வந்த பெண்களுக்குள் அந்தப் பிள்ளையும் இருந்தாள். கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்டாளே, அவள்தான் ராத்தாவின் வீட்டையும் பதிந்தவள். கண்டதும் எனக்குச் சூடேறியது. நன்றாக நாலு கேள்வி கேட்கத்தான் பக்கத்தில் கூப்பிட்டேன். நான் வாய் திறக்க முந்தி அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமி, அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொன்னத மட்டும் நம்பி நான் எழுதல்ல. வீட்டையும் பார்த்தன். வெயிலுக்குள்ள ஏறிப் போன என்னக் கண்டதும் அவ முதல்ல தண்ணிதான் தந்தா. குடிச்சு முடிய, முகத்தையும் கழுவுங்க மகள் எண்டு ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து வச்சா. தண்ணிக்குக் குறையில்லாத வீடு எண்டு நினைச்சிட்டன், மாமி.”

ஏசக் கூப்பிட்ட நான் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவள் பொய் எழுதவில்லை, கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறாள். இன்னொரு வாளி கேட்டிருந்தாலும் ராத்தா கொடுத்திருப்பார். அவள் போய் மறையும்வரை வாசலில் நின்றுவிட்டு, வெறும் வாளியோடு கீழே இறங்கியிருப்பார்.