ஆடி மாசத்துக் குத்தகைக் குதிரை

பெசன்ட் நகர் பீச்சில் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றிச் சவாரி விடுகிற ஷரீஃபுக்கு யாரையும் நம்பத் தெரியாது. என் பஜ்ஜிக் கடையில் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறார். இன்றைக்கும் பஜ்ஜியைப் பிட்டு, உள்ளே வாழைக்காய்தானா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழையில் அவர் குதிரை வயிற்று வலி வந்து செத்துப்போனது. பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். வருகிறவர்களையெல்லாம் திருடனைப்போல விசாரித்தால் எந்த அப்பார்ட்மென்டில் வைத்துக்கொள்வார்கள்? அனுப்பிவிட்டார்கள். வீடு அவர் மனைவி அஃப்சருன்னிசாவின் தையல் மிஷினை நம்பி ஓடியது.

ஆடி பிறந்ததும் திருவான்மியூர் பீர் முஹம்மது கூப்பிட்டனுப்பினார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். ஆடியில் கல்யாணம் கிடையாது. குதிரை சும்மா நின்று தின்னும். அதனால் அந்த மாசம் மட்டும் தன் வெள்ளைக் குதிரையை ஷரீஃப் வைத்துக்கொள்ளட்டும், வாடகை வேண்டாம், தீனியும் லாடமும் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

"வாடக வேணாமாம். எங்கியோ இடிக்குது யக்கா," என்று ஷரீஃப் என் கடையில் வந்து உட்கார்ந்தார். "கால் ஒடிஞ்சா யாருது? சீக்கு வந்தா யாருது?"

அதையும் நேரில் போய்க் கேட்டார். பீர் முஹம்மது தெளிவாகவே சொன்னாராம். "தானா வர்ற சீக்கு என்னுது. உன் கையால வர்றது உன்னுது. மேல யார ஏத்துறியோ, அவங்க மொத்தமா உன் பொறுப்பு."

ஷரீஃப் குதிரையின் பல்லைப் பார்த்தார். குளம்பைத் தட்டினார். கண்ணுக்கு முன்னால் துண்டை ஆட்டினார். விடியற்காலையில் காலி மணலில் நடக்கவிட்டார். ஒரு குறையும் தெரியவில்லை. அதில் சந்தேகம் இன்னும் ஏறிவிட்டது மனுஷனுக்கு.

"கொற இல்லாத குதுரய எவன் சும்மா தருவான்?"

"நீ இப்டியே பாத்துக்கினு இரு," என்றாள் அஃப்சருன்னிசா. "அடுப்புல இன்னாத்த வெக்கிறது?"

அவள் அழுததும்தான் குதிரையை ஓட்டிவந்தார்.

ஆடி வெள்ளிக்கிழமை சாயங்காலம். மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த சுப்பராமன் தன் மகன் பிரணவைக் குதிரைமேல் ஏற்றிவிட்டு, செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பையனுக்கு நாலு வயசு இருக்கும். அந்த நேரம் பார்த்துக் குப்பத்து அம்மன் கரகம் மேளத்தோடு வந்தது.

தப்பட்டை அடி விழுந்ததுதான் தாமதம், குதிரை தலையை ஆட்டி, இடுப்பை வளைத்து, ஜதி தவறாமல் ஆட ஆரம்பித்தது. அடுத்த அடிக்கு முன்னங்கால் இரண்டையும் தூக்கி நின்றது. பையன் பின்பக்கமாகச் சரிந்தான். ஷரீஃப் கயிற்றை விட்டுவிட்டுப் பாய்ந்து அவனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மணலில் விழுந்தார். குளம்பு அவர் காதை ஒட்டி இறங்கியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சுற்றி நின்றவர்களோ கை தட்டினார்கள்.

அங்கிருந்தே பீர் முஹம்மதுக்குப் போன் போட்டுக் கத்தினார் ஷரீஃப். "ஆடும்னு ஏன் பாய் சொல்லல?"

"கல்யாணக் குதுரன்னு சொன்னேனே! ஆடாத குதுரய எவன்யா மாப்ளக்கி கூப்புடுவான்? ஆடில பேண்டு ஏதுன்னு நெனச்சேன். அம்மன் மேளம் என் புத்திக்கி எட்டல."

ஷரீஃபுக்கும் எட்டவில்லை, எனக்கும் எட்டவில்லை. பீர் முஹம்மது என்ன ஒளிக்கிறார் என்று பார்த்த பார்வையில், அந்தக் குதிரைக்கு என்ன தொழில் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

சுப்பராமன் சிரித்துக்கொண்டே வந்தார். "பிரமாதம் பாய்! நாளைக்கு எங்காத்துல எல்லாரையும் அழைச்சுண்டு வரேன். இதே மாதிரி ஆட விடணும்."

"அது வித்த இல்ல சார். உங்க கொயந்த செத்திருக்கும்," என்றார் ஷரீஃப். "இனிமே இதுமேல யாரையும் ஏத்த மாட்டேன். இப்பவே திருப்பி வுடப் போறேன்."

சுப்பராமன் அவரை மேலும் கீழும் பார்த்தார். நன்றாகப் புரிந்துவிட்டதுபோல ஒரு புன்னகை.

"சரி, சுத்தி வளைக்க வேண்டாம். கூட எவ்வளவு வேணும்னு சொல்லுங்கோ."

ஷரீஃப் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திருவான்மியூர்ப் பக்கம் நடந்தார்.