கடைமடைக்கு வந்த தண்ணீர்

எனக்குக் கிடைத்த முதல் வேலையின் பெயரைத் தமிழில் சொன்னால் ஊரில் யாருக்கும் புரியாது. ஆங்கிலத்தில் சொன்னால் எனக்கே புரியாது. ஏழை நாடுகளில் பல ஊருக்குப் பொதுவான ஆறு, வாய்க்கால், குளங்களைக் காப்பாற்றுவதற்கென்று கடல் தாண்டி எங்கிருந்தோ பணம் வந்தது. அந்தத் திட்டத்தின் அலுவலகம் திருவாரூரில் ஒரு மாடி அறை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வாய்க்காலில் பாசனம் பெறும் எட்டு ஊருக்கு நான் களப்பணியாளர். எட்டு ஊரும் சண்டையில்லாமல் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளச் சங்கம் அமைக்க வேண்டும். அதுவரை நான் வீட்டுக் குடத்திலிருந்து யாருக்கும் ஒரு செம்பு தண்ணீர்கூட மொண்டு கொடுத்ததில்லை.

அந்த எட்டில் வாய்க்கால் முடிகிற கடைமடை எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் மிராசுதார் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். உச்சவரம்புச் சட்டப்படி மிஞ்சிய நிலத்தை விடச் சொன்னபோது, மிராசுதார் தண்ணீர் ஏறாத இடங்களாகப் பார்த்துப் பார்த்துத் தாராளமாக விட்டுக்கொடுத்தார். அதை வாங்கவே கொடி பிடித்து, அடிபட்டு, தாலுகா ஆபீஸ் வாசலில் கிடக்க வேண்டியிருந்தது. கடைசியில் மந்திரி மேடையில் வைத்துப் பட்டா கொடுத்தார். எங்களுக்கு ஓர் ஏக்கர். மறு வருஷமே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நிலத்தை அம்மா பார்த்துக்கொண்டாள். என்னை அவள் சேற்றில் கால் வைக்க விட்டதே இல்லை, படிக்கிற பிள்ளை என்று. கால் வைக்காததை நான் ஒரு தகுதியாகவே எண்ணிக்கொண்டு திரிந்தேன்.

சங்கத்துக்கு விதிமுறைகள் எழுதினேன். முதல் விதி: முறை மாறி எவரும் மதகைத் திறக்கக் கூடாது. இது எங்கள் ஊர்களில் எப்போதோ இருந்த வழக்கம்தான். ஒவ்வோர் ஊருக்கும் இத்தனை நாள் தண்ணீர் என்று முறை உண்டு. கையெழுத்து இல்லாமல் நடந்து வந்ததைக் கையெழுத்தோடு நடக்க வைத்தேன் என்று மூன்று பக்க அறிக்கை அனுப்பினேன். பணம் கொடுத்தவர்கள் அதைப் படித்துப் பூரித்துப்போய், நேரில் பார்க்க அங்கிருந்து தமிழ் தெரியாத ஓர் அம்மாளை அனுப்பினார்கள். அவர் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் அடுத்த வருஷத்துக்கு நிதி. என் சம்பளமும் அதில்தான் வந்தது.

அவர் வரும் நாளைக் கணக்குப் பார்த்தேன். அவர் வந்துபோய் நாலு நாள் கழித்துத்தான் எங்கள் ஊருக்குத் தண்ணீர் முறை. கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதிவிட்டு, காய்ந்த வாய்க்காலையா காட்டுவது? மதகைத் திறந்து மூடும் அரசாங்க ஊழியரை எங்கள் பக்கம் லஸ்கர் என்போம். அவரைத் தேடிப் போய் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மாள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் திறந்துவிட்டால் விடியும்போது எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்துவிடும்.

“முறை மாறுதே தம்பி. ஊர்ல சொல்லிட்டீங்களா?” என்றார்.

சொல்லியாச்சு என்றேன். முதல் விதியை எழுதிய அதே கையால் அவருக்கு டீ கிளாஸை எடுத்துக் கொடுத்தேன்.

மதகு திறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் அம்மா நாற்றங்காலில் விதை விட்டிருந்தாள். வீட்டில் இருந்த விதைநெல் அவ்வளவுதான். முளை கட்டிய விதையைத் தெளித்த மறுநாள் தண்ணீரை வடித்துவிட வேண்டும். நின்றால் வெயிலில் தண்ணீர் சுட்டு, முளை வெந்து அழுகிவிடும். அம்மா வரப்பை வெட்டி வாய்க்காலுக்கு வடித்துவிட்டு, முறைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பி, வெட்டிய வாயை அடைக்காமல் விட்டிருந்தாள். வடிந்த வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறும் என்பது எட்டு ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. தெரியாததோடு, விதை விட்டாயா என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

காலையில் இஸ்திரி போட்ட பேண்டும் ஷூவுமாக அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு போனேன். வாய்க்கால் தளும்பி ஓடியது. பெருமையில் எனக்கு நெஞ்சு விரிந்தது. எங்கள் வயலுக்கு வந்தால், முழங்கால் தண்ணீரில் அம்மா நிற்கிறாள். நாற்றங்கால் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. ஒரு தகர டின்னால் தண்ணீரை வாரி வாரி வெளியே வீசிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் குதூகலமாகக் கேமராவை எடுத்தார்.

அம்மா என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். “எவன் தம்பி தண்ணிய விட்டது? வெத அத்தனையும் போச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள எறைக்கணும், நாலு ஆளக் கூப்புடு.”

என்ன சொல்கிறார் என்று அந்த அம்மாள் கேட்டார்.

இந்தத் தண்ணீருக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்ததாகச் சொல்கிறார் என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கி, சிரித்த முகத்தோடு அம்மாவின் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் நாலு ஆளைக் கூப்பிடவில்லை. கொஞ்சம் பொறும்மா என்று தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் சங்கத்தின் வரலாற்றை விளக்கினேன். விளக்கி முடிக்க உச்சிவெயில் ஆகிவிட்டது.

ஜீப் போன பிறகு பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் கணுக்காலைச் சுட்டது. இரண்டு பேரும் இறைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டாள்.

“நான் சொன்னத அந்தம்மாகிட்ட சொன்னியா?”

“சொன்னேன்.”

“வெத போச்சுன்னு?”

“சொன்னேம்மா.”

“பின்ன ஏன் சிரிச்சாங்க?”

நாற்றங்கால் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது என்றேன். வாய் கூசாமல் வந்தது. அம்மா அதை நம்பினாள். அவள் நம்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டு நாளில் நாற்றங்காலில் அழுகல் வாடை அடித்தது. திரும்ப விதை விட நெல்லும் இல்லை, பருவமும் இல்லை. திட்டத்துக்கு அடுத்த வருஷ நிதி உறுதியானது. எனக்குச் சம்பளமும் கூடியது. ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போட்டேன். அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, நல்ல அரிசி என்றாள். சம்பா நடவு தொடங்கியதும், பட்டா கிடைத்த அன்று இனிமேல் மிதிப்பதில்லை என்று அவள் சொல்லியிருந்த மிராசுதார் வயலுக்கே கூலிக்குப் போனாள்.

முதல் நாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள்.

“அந்தம்மா மறுபடி வந்தா கோவிச்சுக்கிட்டு மூஞ்சியக் காட்டாத தம்பி. தெரியாதவங்க, பாவம். தெரிஞ்ச நீதான் எடுத்துச் சொல்லணும்.”

சரிம்மா என்றேன்.