உழாமல் நின்ற கொல்லை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். சுத்தமான கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றும் தெரியாது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஒன்றைப் போட்டுவிடுவேன், பாதியாவது சரியாக இருக்குமே என்று. இத்தனை வருசமாக நுகர்வோர் கோர்ட்டுக்கு மனு எழுதியதும் இதே கைதான். படித்தவர்களுக்குத் தலைவலி வந்திருக்கலாம். திருப்பி அனுப்பியதில்லை.

இன்று காலை குன்னம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். முன்பின் தெரியாதவர். "அண்ணே, மக்காச்சோளத்துல மணியே புடிக்கல. விதை சரியில்ல போலருக்கு. விவசாய ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். "சோளக் கொல்லைய உழுதுடாதீங்க" என்றேன். "அதுகூடத் தெரியாதாண்ணே?" என்று சிரித்தார். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது. அது தெரியாமல் இருந்த காலத்தில்தான் நான் டிராக்டர் ஓட்டினேன்.

பச்சைச் சோளத்தட்டை கலப்பையில் நசுங்கும்போது ஒரு வாடை வரும். கரும்புச்சாறு மாதிரி தித்திப்பாகத் தொடங்கி, டீசல் புகையோடு கலந்ததும் குமட்டும். அந்த வாடையில் எத்தனையோ விடியற்காலைகள் போயிருக்கின்றன. எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம். வெள்ளாமை கெட்டுப்போனால் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். முதல் பஸ் வருவதற்குள் டிராக்டரைக் கூப்பிட்டு மடக்கி உழுதுவிடுவார்கள். ரோட்டோரம் மணியில்லாத பொக்கைக் கதிரோடு கொல்லை நின்றால் பார்க்கிறவன் விதையையா குறை சொல்வான்? விதைத்தவனைத்தான் சொல்வான். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் உழுதேன். வேலை சுத்தம் என்று பேர்கூட உண்டு.

ஒரு முறை, அரியலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் விதைக் கடைமேல் வழக்குப் போட்டிருந்தார். துணைக்கு வா என்றார், போனேன். கோர்ட்டில் கடைசி பெஞ்சில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தேன். "பயிர் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். "உழுதாச்சுங்க" என்றார் அவர். "யார் உழுதது?" அவர் திரும்பி என்னைக் காட்டினார். எழுந்து நின்றேன். பார்ப்பதற்குப் பயிரே இல்லாத வழக்கு அன்றோடு தள்ளுபடி. அவர் என்னைத் திட்டவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

அடுத்த மார்கழியில் செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் அஞ்சலை அக்கா கூப்பிட்டது. அக்காவின் வீட்டுக்காரருக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை. கொல்லை முழுக்க அக்கா பொறுப்பு. விடியும் முன்னே போய்விட்டேன். ஆள் உயரத்துக்குப் பயிர் பச்சையாக நின்றது. ஒரு கதிரை உரித்தேன். வெறும் சக்கை. என்ன தோன்றியதோ, வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன்.

"நான் உழலக்கா."

"பின்ன எதுக்கு வந்த, பனி குடிக்கவா?"

"விவசாய ஆபீசர் வந்து பாக்கட்டும். கேசு போடலாம்."

"நீ டிரைவரா, வக்கீலா? பஸ்ஸு வர நேரமாச்சு, வண்டிய எடு தம்பி."

அதற்குள் அக்காவுடைய வீட்டுக்காரரின் அண்ணன் துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார். "பொம்பள பாத்த வெள்ளாமைய ஊரே பாக்கணுமா? உழுது போடு. அடுத்த வருசம் கொல்லைய நான் பாத்துக்கிறேன்" என்றார். அக்காவின் முகம் மாறியது. அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த நிலம் அது. உழுதுவிட்டால் தப்பு அக்காவுடையது என்று ஆகிவிடும். நிலமும் கை மாறிவிடும். அக்கா கொல்லைக்கும் டிராக்டருக்கும் நடுவில் வந்து நின்றது. "தம்பி, வண்டியத் திருப்பிக்கிட்டுப் போ" என்றது.

கொல்லை நின்றது. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டீக்கடையில் எனக்கு "அஞ்சாங்கிளாஸ் வக்கீலு" என்று பேர் விழுந்தது. நான் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினேன். அங்கே டீயும் நன்றாக இருக்காது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆபீசர் வருவதற்குப் பத்து நாள் ஆனது. தினமும் கொல்லையைச் சுற்றி வந்த அக்காதான் ஒரு நாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டியது. வடக்கு ஓரத்தில் நாலு வரிசையில் மட்டும் கதிர் புடைத்து நின்றது. விதைத்த அன்று பையில் விதை பத்தாமல், பக்கத்துக் கொல்லைக்காரரிடம் வேறு ரக விதை கொஞ்சம் வாங்கி அந்த வரிசைகளை முடித்திருக்கிறது. அதை அக்காவே மறந்திருந்தது. ஆபீசர் வந்து இரண்டு பக்கத்துக் கதிரையும் உரித்துப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். காலி விதைப் பை மிளகாய் வற்றல் போட்டு வைத்தபடி வீட்டில் இருந்தது. வற்றலைக் கொட்டிவிட்டுப் பையையும் மனுவோடு சேர்த்தோம். மனு என் கையெழுத்து.

கோர்ட்டில் கடைக்காரரின் வக்கீல், "தண்ணி ஒழுங்கா பாய்ச்சல, உரம் வைக்கல. இந்தம்மாவுக்கு விவசாயப் பக்குவம் தெரியல" என்றார். அக்காவுக்காகப் பேச வேண்டியவன் நான், மனுவில் எழுதிய வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்தது. "ஐயா, அந்த நாலு வரிசைக்கும் அதே தண்ணிதாங்க. அதே உரந்தாங்க. வெதச்சதும் இதே கைதாங்க" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டியது. வக்கீல் தாளைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

தீர்ப்பு எங்கள் பக்கம். விதையில்தான் குறை என்று எழுத்தில் வந்தது. வெளியே வராந்தாவில் வீட்டுக்காரரின் அண்ணன் நின்றிருந்தார். "சரி, அடுத்த வருசமும் நீயே பாரு" என்றார். "நீங்க சொல்லித்தான் நான் பாக்கணுமா மாமா?" என்றது அக்கா. நான் சிரிப்பை அடக்க முடியாமல் செருப்புத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். செருப்பு காலில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மருந்து, பம்புசெட்டு, சொட்டுநீர்க் குழாய் என்று எத்தனையோ வழக்குகள். தோற்றதும் உண்டு, ஜெயித்ததே அதிகம். நானும் பேசக் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறார்கள். முதல் வாய்தாவுக்கு இன்னும் மனுவை மனப்பாடம் செய்துகொண்டுதான் போகிறேன். ஆனால் விடியும் முன்னே கதவைத் தட்டி, யாருக்கும் தெரியாமல் ஒரு கொல்லையை உழுது தரச் சொல்லும் ஆள் இப்போது எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்த வேலை ஒழிந்தது. அதை ஒழித்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று இன்றுதான் தைரியமாக எழுதுகிறேன்.

மார்கழி கடைசி வியாழக்கிழமை, பெரம்பலூர்.