கிரேக்க அலமாரிக்கு வந்த ஒரே வாசகர்

நூலகத்தில் வேலை என்றதும் "ஆகா, நாள் முழுக்க வாசிக்கலாமே" என்கிறவர்கள், நகைக்கடையில் வேலை என்றால் நாள் முழுக்க நகை போட்டுக்கொண்டு உட்காரலாம் என்றும் நினைப்பார்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஃபுஜைரா பக்கம் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே பொது நூலகத்தில் நான் உதவியாளர். சொந்த ஊர் குளச்சல். வீட்டுக்காரர் அருளுக்குக் கடலுக்குள் எண்ணெய் ரிக்கில் வேலை. பாதி நாள் அவர் தண்ணீரிலே, நான் தரையிலே. பிள்ளைகள் இல்லை. ஆள் வராத கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, இதை வெளியே சொன்னால் "ஏசியில் உட்கார்ந்து சம்பளம், உனக்கென்ன குறை" என்பார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அமைதி காக்கவும்

எங்கள் நூலகத்தில் 'அமைதி' என்று மூன்று மொழிகளில் பலகை உண்டு. காலையில் கதவைத் திறந்தால் மதியம் வரை உள்ளே இருப்பது நான், பலகை, ஏசியின் சத்தம். அலுவலக அறையில் எங்கள் தலைமை நூலகர், எகிப்துக்காரர் ஹானி; மரியாதைக்கு 'உஸ்தாத்' என்று கூப்பிடுவோம். அவர் கதவைச் சாத்திக்கொண்டால் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது.

ஒருநாள் பலகையைத் துடைத்துக்கொண்டே அவரிடம் கேட்டேன், ஆளே வராத இடத்தில் இது எதற்கு என்று. மனிதர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஜெசிந்தா, புத்தகம் அடுக்கும்போது உன் மொழியில் தனியாகப் பேசிக்கொண்டே அடுக்குகிறாயே, அது என் அறை வரை கேட்கிறது."

நடுப்பகல் வாசகர்

கோடையில் உச்சி வெயிலில் வெளியே வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம். அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டட சைட்டிலிருந்து ஒருவர் வர ஆரம்பித்தார். முருகேசன், புதுக்கோட்டைப் பக்கம். தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். அரபி உண்டு, ஆங்கிலம் உண்டு, உருது உண்டு, மலையாளம்கூட ஒரு தட்டு உண்டு. தமிழ் இல்லை. சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

பரவாயில்லை என்று ஒரு தடித்த அரபிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். தினமும் அதே புத்தகம். நம் ஆள் அரபி கற்றுக்கொள்கிறாரே என்று எனக்குப் பெருமை. ஒருநாள் கிட்டே போய்ப் பார்த்தால் புத்தகம் தலைகீழாக இருக்கிறது. "வாசிக்கத் தெரியுமா தம்பி?" என்றேன். பதறாமல் பதில் சொன்னார்: "இல்லக்கா. சும்மா கண்ணை மூடி உக்காந்தா வாசல் செக்யூரிட்டி வந்து எழுப்பி விட்டுர்றான். கையில புத்தகம் இருந்தா ஒருத்தனும் எழுப்ப மாட்டேங்குறான்."

கணக்கு வாத்தியார் எழுத்து

பக்கத்துத் துறைமுகத்தை விரிவாக்க வந்த ஒரு கிரேக்கக் கம்பெனி, வேலை முடிந்து கிளம்பும்போது அதன் ஆட்கள் தங்கிய கேம்பில் கிடந்த புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக எங்களிடம் இறக்கிவிட்டுப் போனது. ஒரு வரி புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் எழுதிப்போட்ட ஆல்பாவும் தீட்டாவும் பையும் மட்டும் எனக்குத் தெரிந்தன. கோலம் போடுகிற மாதிரி தலைப்புகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து பதிவு செய்தேன். 'பிற மொழிகள்' என்று ஓர் அலமாரி கொடுத்தோம்.

எங்கள் விதிப்படி, பல வருடம் யாரும் எடுக்காத புத்தகம் கழிவுக்குப் போய்விடும். யாருமே எடுக்காமல் அவை நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. என் உறுப்பினர் அட்டையில் ஒவ்வொன்றாக நானே எடுத்தேன். ஒரு நீலப் புத்தகம் மட்டும் கைக்கு அடக்கமாக, பழைய ஜெபப் புத்தகம் போலவே இருந்தது. அதைத் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். ரிக்கிலிருந்து அருள் வீடியோவில் பார்த்து, என்ன வாசிக்கிறாய் என்று கேட்டார். தெரியவில்லை, கிரேக்கம் என்றேன். முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு கேட்டார்: "ஏ ஜெசி, உண்மையச் சொல்லு, நான் லீவு போட்டு வரட்டா?"

நிக்கோஸ்

நங்கூரமிட்ட கப்பல்களைச் சோதிக்கும் சர்வேயர் ஒருவர் நகல் எடுக்க வந்தார். வெள்ளைத் தாடி, அறுபது தாண்டியவர். போகிற போக்கில் அந்த அலமாரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நகலை வாங்க மறந்து, மூடும் வரை உட்கார்ந்து வாசித்தார். பெயர் நிக்கோஸ். மனைவி இறந்து பல வருடமாம். இந்த ஊரில் கிரேக்கம் பேச இன்னொரு ஆள் கிடையாதாம்.

அதன்பிறகு மாலையானால் வந்துவிடுவார். வாசிக்கும்போது அவர் உதடு அசையும், மெல்லச் சத்தமும் வரும். நான் பலகையைக் காட்டியதே இல்லை. எனக்கும் ஒரு குரல் வேண்டியிருந்தது. அவர் அதிகம் எடுப்பது, நான் அலமாரியில் திருப்பி வைத்திருந்த என் நீலப் புத்தகத்தைத்தான். ஏதோ வேத வாக்கியம் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் துணிந்து, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பயபக்தியோடு மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆலிவ் மரத்துக்கு வரும் பூச்சிகள், மேடம். மூன்றாவது முறையாக வாசிக்கிறேன்."

வட்ட முத்திரை

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மங்கலாக ஒரு வட்ட முத்திரை. கம்பெனி முத்திரை என்று விட்டிருந்தேன். ஒருநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிக்கோஸ் வாசித்துச் சொன்னார்: அவருடைய ஊருக்கு அடுத்த சிற்றூரின் பொது நூலகம். மீன் சந்தைக்கு மேல் மாடியில் ஒரே கூடம். மாலுமிகள் போன நாட்டிலிருந்தெல்லாம் கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களும் அங்கே உண்டாம். ஜப்பானிய மொழியில் ஒரு தட்டு இருக்கிறதாம், வாசிக்கத்தான் ஆளில்லையாம். வேலைக்கு விமானம் ஏறிய எவனோ ஒருவன் இதை இரவல் வாங்கிப் பையில் போட்டு வந்திருக்கிறான்.

நிக்கோஸ் ஓய்வு பெற்று ஊர் திரும்பும் நேரம் அது. கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றார். எனக்கு மனசே இல்லை. புத்தகத்தைத் தராவிட்டால் ஆளும் போகமாட்டார் என்பது போல ஒரு கிறுக்கு எண்ணம். எங்கள் எண் ஒட்டியாகிவிட்டது, அரசாங்கச் சொத்து, முடியாது என்றேன். அவர் வாதாடவில்லை. புத்தகத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு அலமாரியிலேயே வைத்தார். அவர் வாடிய முகத்தோடு படியிறங்கிப் போனதைப் பார்த்தபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானே ஹானியின் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எங்கள் எண்ணின் மேல் 'நீக்கப்பட்டது' என்று ஓங்கி முத்திரை குத்தி என் கையில் கொடுத்தார்: "கலாஸ், முடிந்தது. உனக்கும் எனக்கும்தான் இந்த வருடம் லீவு இல்லை, புத்தகமாவது வீட்டுக்குப் போகட்டும்."

இரண்டு கவுண்டர்

நிக்கோஸ் புத்தகத்தோடு ஊர் திரும்பிய பிறகு மாலை நேரம் பெரிதாகிவிட்டது. அவர் உட்காரும் நாற்காலியை வேறு மேசைக்கு மாற்றிப்போட்டேன். அப்போதும் கண் அங்கேதான் போயிற்று. முருகேசனின் சைட்டும் முடிந்து, அவரைச் சவூதியிலுள்ள தம்மாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மதியம் வீடியோ அழைப்பு வந்தது. நிக்கோஸ். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். அந்த மாடிக் கூடத்திலிருந்து பேசினார். ஜப்பானியத் தட்டைக் காட்டினார், நீலப் புத்தகம் ஏறிய இடத்தைக் காட்டினார். கடைசியாக நூலகர் பக்கம் திருப்பினார். என் வயதுப் பெண். கம்பளிச் சால்வை போர்த்தி, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தொழில் விசாரிப்பாக, இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். நிக்கோஸ் அவளிடம் கேட்டு, சிரித்து, அப்படியே மொழிபெயர்த்தார்: "இன்றைக்கு நிக்கோஸ் ஒருத்தர்தான், அவரும் உங்களோடு பேசத்தான் வந்திருக்கிறார்."

ஆள் வராததற்கு நம் தொழிலில் சம்பளம் பிடிப்பதில்லை என்பதுதான், என் இனத்தாரே, இத்தனை காலத்தில் நான் கண்டுபிடித்த ஒரே சலுகை.