பீங்கானில் பெயர் வெட்ட முடியாது

பழைய பீங்கான் வாங்கி விற்கிற தொழிலில், சாமான் உடைவதைவிட அதற்கு நாம் கட்டிய கதை உடைவதுதான் அதிகம். உங்களில் யாருக்காவது இந்தப் பைத்தியம் இருந்தால் என் பாடு புரியும். பித்தளைச் சொம்பிலாவது பெயர் வெட்டியிருப்பார்கள், இன்னார் வீட்டுச் சீர் என்று தெரியும். பீங்கானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நான் கடை வைத்த புதிதில், எது வந்தாலும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுவேன். அப்புறம் அதற்குச் சொந்தக்காரர் ஒருவரை நானே கற்பனை செய்துகொள்வேன்.

துரைசானியின் தட்டு

விழுப்புரத்தில் ஒரு வீட்டில் நீலப் பூப்போட்ட தட்டு கிடைத்தது. புதுச்சேரியில் யாரோ ஒரு பிரெஞ்சுத் துரைசானி அதில் பழம் நறுக்கி வைத்துக்கொண்டு, ஊர் நினைப்பில் கண் கலங்கியிருப்பாள் என்று எனக்குப் பட்டது. வாய் சும்மா இருக்குமா? விற்ற அம்மாளிடமே சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தொரசானியா? எங்க வூட்டுப் பூனைக்குப் பால் ஊத்திக்கினு இருந்த தட்டுங்க அது!"

சீன ஜாடி

மயிலத்துக்காரர் ஒருவர், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டுக் கடைக்குள் வந்தார். பெரிய ஜாடி ஒன்றைக் காட்டி, புயலில் தப்பிய சீனக் கப்பல்காரனின் கதையை அவிழ்த்துவிட்டேன். பாவம், முழுக்கக் கேட்டார்.

"கப்பக்காரன் கெடக்கட்டுங்க, ஊறுகா போடணும். மூடி எங்க?"

ரங்கூன் கோப்பை

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். யுத்த சமயம். பர்மாவிலிருந்து தப்பி வந்து திண்டிவனத்தில் ரயிலிறங்கிய பெண் ஒருத்தி, அனந்தபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போக வழிச்செலவுக்கு இல்லாமல், ஒரு டீக் கோப்பையை என்னிடம் விற்றாள். புருஷன் அடுத்த கப்பலில் வருவதாகச் சொன்னாள். நான் வழக்கம்போல் அதைத் தேய்த்து வைத்து, ரங்கூனில் ஒரு மாளிகை கட்டி, அதில் வைர வியாபாரி ஒருவரையும் குடிவைத்தேன்.

சில மாதம் கழித்து அவள் மறுபடி வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. கப்பலைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கோப்பையைத் திருப்பித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நல்லவேளை, அது விற்கவில்லை. "காசு வாணாம், எடுத்துக்கினு போம்மா" என்று இன்னொரு தரம் துடைத்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி உள்ளே பார்த்தாள். விரலை விட்டு அடியைத் தடவினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"குண்டு போட்ட அன்னிக்கி அவரு பாதி குடிச்சிட்டு வெச்சதுங்க, கழுவாமலே எடுத்துக்கினு வந்தேன். அந்த டீக் கறை எங்கங்க?"

அன்றிலிருந்து கடைக்கு வருகிற எதையும் நான் கழுவுவதில்லை, 'இவ்வளவு அழுக்கா' என்று முகம் சுளிக்கிறவர்களிடம் கதை சொல்லவும் வாய் வருவதில்லை.